கணக்கில் வராத குப்பைச் செலவு

காலை ஏழு மணி. மைசூர் அசோகபுரத்தை அடுத்த தெருக்களில் வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்குடன் கிளம்பும் நேரம். தெருமுனையில் விசில் சத்தம் கேட்கிறது. குப்பை வண்டி வந்துவிட்டது.

அடுக்களையில் இருக்கும் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். இரவு மிஞ்சிய சாதம், காய்கறித் தோல், பால் கவர், தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த கண்ணாடி டம்ளர் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு வண்டியில் எறிகிறார். வண்டி நகர்கிறது. வீடு சுத்தமாகிவிட்டது. அந்தப் பையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் மறுபடி நினைப்பதில்லை.

ஆனால் அந்தப் பை எங்கேயோ போய்த்தான் சேர்கிறது. சேர்ந்த இடத்தில் சும்மா கிடப்பதும் இல்லை. அது மண்ணைக் கெடுக்கிறது; தண்ணீரைக் கெடுக்கிறது; காற்றைக் கெடுக்கிறது. அதற்கான விலையை யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வரியோடு சேர்த்துக் கட்டும் சிறு தொகையில் அந்த விலை அடங்குவதில்லை.

நாட்டிலேயே சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் மைசூர். 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு 476 நகரங்களை வரிசைப்படுத்தியபோது மைசூர் முதலிடத்தில் நின்றது. 2016-இல் 73 நகரங்களுக்குள் நடந்த போட்டியிலும் அதுவே முதல். அப்படிப்பட்ட ஊருக்கே குப்பை பெரிய தலைவலியாக இருக்கிறது என்றால், மற்ற ஊர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

நாளுக்கு எட்டு வேகன்

மைசூர் மாநகராட்சியில் 65 வார்டுகள் இருக்கின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 9 லட்சம் பேர். இன்று இன்னும் கூடுதல். இத்தனை பேரும் கடைகளும் ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 400 முதல் 500 டன் வரை குப்பையை வெளியே தள்ளுகின்றன.

500 டன் என்பது எவ்வளவு? ரெயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு மூடிய சரக்கு வேகனில் சுமார் 60 டன் ஏற்றலாம். 500 டன் என்றால் எட்டு வேகனுக்கு மேல். ஒரு மாதத்துக்கு 250 வேகன். 42 வேகன் கொண்ட முழுச் சரக்கு ரெயிலாகப் பார்த்தால், மாதத்துக்கு ஆறு ரெயில் நிறையக் குப்பை! தசரா மாதத்தில் தேவராஜ மார்க்கெட்டின் பூச்சரமும் வாழை இலையும் வேறு சேர்ந்துகொள்ளும்.

தலைக்கு அரை கிலோ என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்கு இரண்டரை கிலோ குப்பை போடுகிறது. ஆண்டுக்கு 900 கிலோ. கிட்டத்தட்ட ஒரு டன்! வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குமாஸ்தாவின் குடும்பம் ஊர் மாறும்போது ஏற்றிப் போகும் மொத்தச் சாமான்கூட அவ்வளவு எடை இருக்காது.

மலையடிவாரத்தில் ஒரு மேடு

மைசூரின் சுத்தம் ஒரு பெரும் துயரத்திலிருந்து பிறந்தது. 1897-98-இல் இந்த ஊரைப் பிளேக் நோய் வாட்டியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அதன் பிறகுதான் மன்னர் ஆட்சி விழித்துக்கொண்டது. 1903-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு ஏற்பட்டது. நெரிசலான சந்துகள் இடிக்கப்பட்டு அகலமான சாலைகள் போடப்பட்டன. பாதாளச் சாக்கடை வந்தது. திட்டம் போட்டு ஊரைக் கட்டுவதில் மைசூர் மற்ற நகரங்களுக்கு வழிகாட்டியாக நின்றது.

சாக்கடையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் அல்லவா? அதற்கு ஊரின் தென்புறத்தில், சாமுண்டி மலையின் அடிவாரப் பக்கம், வித்யாரண்யபுரத்துக்கு அப்பால் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதற்குச் 'சூயேஜ் பாரம்' என்று பெயர். வாய்ப்பேச்சில் அது 'சூயஸ் பாரம்' என்றும் திரிந்துவிட்டது. சாக்கடையோடு ஊர்க் குப்பையும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

அப்போது அந்த இடம் ஊருக்கு வெளியே இருந்தது. இன்று அப்படியில்லை. வித்யாரண்யபுரம், ஜே.பி. நகர், குண்டுராவ் நகர், கனககிரி என்று வீடுகள் நெருங்கிவிட்டன. குப்பை மேட்டை ஊர் தேடிப் போனதா, ஊரைக் குப்பை தேடி வந்ததா என்று கேட்டால் இரண்டும் உண்மை. ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்கள்தான் இப்படிப்பட்ட இடங்களின் பக்கம் வீடு பார்க்கிறார்கள். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 2000-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு உரத் தொழிற்சாலை வந்தது. நாளுக்கு 200 டன் குப்பையை மக்கவைத்து எரு ஆக்குவது திட்டம். ஊர்க்காரர்கள் அதை 'எக்செல் பிளாண்ட்' என்றே சொல்வார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ஊர் போட்ட குப்பை அதன் அளவைத் தாண்டியது. வந்ததும் பிரிக்காத குப்பையாகவே வந்தது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த குப்பையிலிருந்து எடுக்கும் எருவை எந்த விவசாயி வாங்கி வயலில் கொட்டுவார்? ஆலையால் செரிக்க முடியாதது வெளியே குவிந்தது. ஆண்டுக்கு ஆண்டு மேடு உயர்ந்தது.

முடிச்சுப் போட்ட பைக்குள்

காய்கறித் தோல் மண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? சில வாரங்களில் மக்கி எருவாகும். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அதே தோலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டால் கதை வேறு.

பைக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் அங்கே வேலையைத் தொடங்கும். அவை மீத்தேன் என்ற எரிவாயுவை வெளிவிடும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் அதே வாயுதான். அடுப்பில் எரிந்தால் சோறு வேகும். குப்பை மேட்டிலிருந்து கசிந்தால் வானத்துக்குப் போய்ப் பூமியைச் சூடாக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் சக்தி மீத்தேனுக்கு உண்டு. மழை தவறுகிறது, வெயில் கொளுத்துகிறது என்று பஸ்ஸிலும் ரெயிலிலும் பேசிக்கொள்கிறோம். அதில் நம் வீட்டு முடிச்சுப் பைக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

கோடையில் அந்த வாயு தீப்பிடிக்கும். யாரும் கொளுத்த வேண்டியதில்லை. மேட்டுக்குள் ஏற்கெனவே சூடு இருக்கும். ஒரு பீடித் துண்டோ கண்ணாடிச் சில்லில் குவிந்த வெயிலோ போதும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அப்போது எரிவது காகிதம் மட்டுமல்ல; பிளாஸ்டிக், ரப்பர், ஒயர், செருப்பு எல்லாம் எரியும். அந்தப் புகையில் டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. காற்றில் வந்து புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றில் போய்ப் பாலில் திரும்பி வரும் விஷம் அது.

மூன்றாவது கேடு தண்ணீரில். குப்பை மேட்டில் மழை பெய்தால் அந்த நீர் குப்பைக்குள் இறங்கிக் கறுத்த சாறாகக் கசியும். காப்பி டிகாஷன் இறங்குவது போலத்தான். ஆனால் இந்த டிகாஷனில் அழுகல் மட்டும் இல்லை. டியூப் லைட்டிலிருந்து பாதரசம், பேட்டரியிலிருந்து ஈயமும் காட்மியமும், மருந்து, பெயிண்ட், பூச்சிக்கொல்லி எல்லாம் கரைந்து வரும். அடியில் முறையான தளம் போடாத பழைய மேடுகளில் இந்தச் சாறு நிலத்துக்குள் இறங்கும். கிணற்றையும் போர் தண்ணீரையும் கெடுக்கும். ஒரு முறை கெட்ட நிலத்தடி நீர் நல்ல நீராக மாறப் பல ஆண்டுகள் ஆகும்.

தளவாய் ஏரியிலிருந்து மேட்டூர் வரை

மைசூர் நகரம் காவிரிக்கும் கபினிக்கும் நடுவில் ஒரு மேட்டில் இருக்கிறது. வடக்குப் பக்கம் விழும் தண்ணீர் காவிரியை நோக்கிப் போகும். தெற்குப் பக்கம் விழுவது கபினியை நோக்கிப் போகும். வித்யாரண்யபுரம் தெற்குச் சரிவில் இருக்கிறது.

அங்கே சாக்கடை நீரைச் சுத்திகரிக்க ஒரு நிலையம் உண்டு. கேசரே, ராயனகெரே ஆகிய இடங்களிலும் அப்படி நிலையங்கள் உண்டு. ஆனால் சுத்திகரிப்பு நிலையம் என்பது குழாய் வழியாக வரும் சாக்கடைக்குத்தான். மழையில் மேட்டிலிருந்து வழிந்து, கால்வாய் வழியே போவதை அது தடுக்காது.

வித்யாரண்யபுரத்துச் சரிவில் இறங்கும் நீர், நஞ்சன்கூடு சாலைப் பக்கம் உள்ள தளவாய் ஏரியில் சேர்கிறது. கன்னடத்தில் 'தளவாய் கெரே'. படைத் தலைவருக்குத் தளவாய் என்பது நமக்கும் பழக்கமான சொல். மைசூர் மன்னர்களைவிட அதிகாரம் செலுத்திய தளவாய்கள் ஒரு காலத்தில் இங்கே இருந்தார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய ஏரி பல ஆண்டுகளாக ஊர்க் கழிவைத் தாங்கி நிற்கிறது. நுரையும் நாற்றமும் அதன் அடையாளமாகிவிட்டன. ஏரியை நம்பிய மீனும் பறவையும் பக்கத்து வயலும் கொடுக்கும் விலையை எந்த ரசீதிலும் காண முடியாது.

தெற்குச் சரிவின் தண்ணீர் கடைசியில் கபினியைத்தான் சேர வேண்டும். கபினி திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கும்பமேளா நடக்கும் சங்கமம் அது. அங்கிருந்து தலக்காடு, சிவசமுத்திரம். பிறகு ஒகேனக்கல். பிறகு மேட்டூர்.

ஒகேனக்கல் தண்ணீரைத்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் குடிக்கின்றன. மேட்டூருக்குக் கீழே சேலம், ஈரோடு, திருச்சி, தஞ்சை என்று காவிரியை நம்பிய ஊர்களுக்குக் கணக்கில்லை. மைசூரில் பிழைக்க வந்த தமிழர்களில் பலருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான்.

ஆற்றைக் கெடுப்பது மைசூர் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. வழியெல்லாம் ஊர்களும் ஆலைகளும் இருக்கின்றன. ஆறும் ஓட ஓடத் தன்னைக் கொஞ்சம் சுத்தப்படுத்திக்கொள்ளும். குடிநீரைச் சுத்திகரித்தே தருகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் ஈயமும் பாதரசமும் மக்கி மறைபவை அல்ல. பொடிப் பொடியாக நொறுங்கும் பிளாஸ்டிக்கும் மறைவதில்லை. காவிரியில் எத்தனை டி.எம்.சி. வருகிறது என்று இரண்டு மாநிலங்களும் பல காலம் வாதாடின. வரும் தண்ணீர் எப்படி வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். மைசூரில் எறிந்த பேட்டரி, எறிந்தவரின் ஊர்க் கிணற்றையே தேடிப் போகலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இரு துயரங்கள்

2017 ஏப்ரல் 14. சித்திரை முதல் நாள். கொழும்பு நகரை அடுத்த மீதொட்டமுல்லவில் மக்கள் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பல ஆண்டுகளாகக் கொழும்புக் குப்பையைக் கொட்டி மலையாக்கி வைத்திருந்தார்கள். அன்று அந்த மலை சரிந்தது. அடிவாரத்து வீடுகள் புதைந்தன. 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். பண்டிகைச் சாப்பாட்டை முடித்த குடும்பங்கள் குப்பைக்கு அடியில் போயின.

அதே வாரத்தில் மைசூரை அடுத்த ஷாதனஹள்ளியில் ஒரு விபரீதம் நடந்தது. வெளிப்பார்வைக்கு வெறும் தரிசு நிலம். ஆனால் அங்கே தொழிற்சாலைக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. மண்ணுக்கு அடியில் அது கனன்றுகொண்டிருந்தது. மேலே தீயும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. அந்தப் பக்கம் போன 14 வயதுச் சிறுவன் கால் வைத்ததும் நிலம் சுட்டது. கடும் தீக்காயம் பட்ட அவன் பிழைக்கவில்லை. பூமிக்குள்ளிருந்து எரிமலை கிளம்புகிறதா என்றுகூட ஜனங்கள் பயந்தார்கள். எரிமலையும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை. மனிதன் கொட்டி மறைத்த கழிவுதான் அது.

ஒன்று கண்ணுக்குத் தெரிந்த மலை. மற்றொன்று தெரியாத நெருப்பு. குப்பையைப் போட்டவர் யாரும் இரண்டு இடத்திலும் சாகவில்லை. செத்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களும், அந்த வழியே நடந்தவர்களும்தான்.

தமிழ்நாட்டிலும் நிலைமை வேறல்ல. சென்னை பெருங்குடியில், பறவைகளுக்குப் பேர்போன பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே குப்பை கொட்டினார்கள். 2022 ஏப்ரலில் அந்த மேடு பற்றி எரிந்து, அக்கம்பக்கமெல்லாம் நாள்கணக்கில் புகையில் மூழ்கியது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் கிடங்கு எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீயை அணைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

பெங்களூரில் கிராமத்து மக்களே எழுந்து நின்றார்கள். நகரத்துக் குப்பை லாரிகளை மாவள்ளிபுரா மக்கள் மறித்தார்கள். 2012-இல் அங்கே கொட்டுவது நின்றது. சுமை மண்டூருக்குப் போயிற்று. 2014-இல் மண்டூர் மக்களும் மறித்தார்கள். "உங்கள் வீட்டுக் குப்பை எங்கள் ஊருக்கு ஏன்?" என்பதுதான் அந்தக் கிராமங்கள் கேட்ட கேள்வி. நகரத்தார் யாரும் அதற்கு நேரான பதில் சொல்லவில்லை.

கையால் பிரிப்பவர்கள்

குப்பைக்கு முதல் விலையைக் கொடுப்பவர்கள் பௌரகார்மிகர்கள். விடிவதற்கு முன் துடைப்பத்தோடு தெருவில் நிற்பவர்கள் இவர்களே. செப்டம்பர் 23-ஆம் தேதியைப் பௌரகார்மிகர் தினம் என்று கர்நாடகத்தில் கொண்டாடுகிறார்கள். அன்று மாலை உண்டு, பாராட்டு உண்டு. மறுநாள் காலை அதே முடிச்சுப் பை அவர்கள் கைக்கு வருகிறது.

'ஹசி கச', 'ஒண கச' என்று அவர்கள் வாசலில் கேட்பது எல்லோர் காதிலும் விழுகிறது. ஈரக் குப்பை, காய்ந்த குப்பை என்று பிரித்துத் தரச் சொல்கிறார்கள். பிரித்துத் தராத பையை யாரோ ஒருவர் கையால் அவிழ்த்தாக வேண்டும். உள்ளே கண்ணாடிச் சில்லும் ஊசியும் சவரப் பிளேடும் இருக்கும். கையுறை கிழிந்தால் கை கிழியும். அழுகல் நாற்றமும் தூசியும் மூச்சில் ஏறும். இருமலும் தோல் அரிப்பும் அந்த வேலையோடு வரும் கூட்டாளிகள்.

2017-ஐ ஒட்டி ஒப்பந்த முறையை விட்டு, தூய்மைத் தொழிலாளர்களுக்கு நேரடியாகச் சம்பளம் தரக் கர்நாடக அரசு முடிவு செய்தது. அது பெரிய விடிவு. ஆனால் வண்டி ஓட்டுகிறவர்கள், ஏற்றி இறக்குகிறவர்களில் பலர் அதற்குப் பிறகும் வெகுகாலம் அதே உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

சம்பளப் பட்டியலிலேயே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கோணிப்பையைத் தோளில் போட்டுப் பாட்டிலும் இரும்பும் பொறுக்குகிறவர்கள் அவர்கள். பொறுக்கியதை, இங்கே 'குஜரி' என்று சொல்லும் காயலான் கடையில் எடை போட்டுக் கொடுத்து அன்றாடம் அரிசி வாங்குகிறார்கள். அவர்கள் பொறுக்கும் ஒவ்வொரு கிலோவும் குப்பை மேட்டில் சேராமல் போகும் ஒரு கிலோ. நகரத்துக்கு அவர்கள் மிச்சப்படுத்தித் தரும் பணத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

பழைய கடனுக்கு வட்டி

கொட்டிவைத்த குப்பை என்பது ஒரு கடன். அன்று கொட்டியவர்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்தார்கள். இன்று அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

சூயேஜ் பாரத்தில் சேர்ந்த பழைய குப்பை பல லட்சம் டன். அதைத் தோண்டி எடுத்து, பரப்பி, நுண்ணுயிர் கலந்து, புரட்டிப் போட்டுக் காயவைத்து, பெரிய உருளைச் சல்லடையில் சலித்துப் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். எரியக்கூடிய பிளாஸ்டிக், சிமெண்டு ஆலைக்கு அடுப்பெரிக்கப் போகும். குழிக்கு நிரப்ப மண் போகும்.

ஒரு டன் பழைய குப்பையைத் தீர்க்க 550 ரூபாய் என்று மத்திய அரசின் தூய்மைத் திட்டம் கணக்குப் போடுகிறது. ஒரு லட்சம் டன்னுக்கு ஐந்தரைக் கோடி ரூபாய். பல லட்சம் டன்னுக்கு எத்தனை கோடி என்று வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம். அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டலாம், எத்தனை தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போடலாம்! அன்றே பிரித்துப் போட்டிருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது.

சலித்து முடித்தால் நிலம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரு பக்கம் பழைய மேட்டைக் கரைத்துக்கொண்டே மறுபக்கம் புதிய மேட்டை வளர்த்தால் என்ன பயன்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

கும்பாரகொப்பல் காட்டிய வழி

வழி இல்லாமல் இல்லை. அந்த வழியும் மைசூரிலேயே இருக்கிறது.

நகரின் வடக்குப் பக்கம் கும்பாரகொப்பல் என்ற பகுதி. அங்கே வார்டு மக்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு ஒன்று, மாநகராட்சியின் இடத்தில் ஒரு குப்பைப் பிரிப்பு நிலையத்தை நடத்திக் காட்டியது. பக்கத்து வீடுகளின் குப்பை அங்கே வரும். ஈரக் குப்பையை எருவாக்கி விவசாயிகளுக்கு விற்றார்கள். காய்ந்த குப்பையைப் பால் கவர், பாட்டில், அட்டை, தகரம், ரப்பர் என்று இனம் இனமாகப் பிரித்து விற்றார்கள். விற்ற பணத்திலேயே வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்து நிலையத்தை ஓட்டினார்கள். பல ஊர்களிலிருந்தும் அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். அதே மாதிரி சிறு நிலையங்கள் நகரின் மற்றப் பகுதிகளிலும் வந்தன.

அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குப்பை பிரிந்து வந்தது, அவ்வளவுதான். பிரிந்து வந்தால் அது பண்டம். கலந்து வந்தால் அதுவே விஷம். கோடி ரூபாய் இயந்திரம் செய்ய முடியாத வேலையை அடுக்களையில் வைக்கும் இரண்டாவது வாளி செய்துவிடுகிறது.

மூன்று பாத்திரம் போதும்

2016-இல் வந்த மத்திய அரசின் விதிகளே இதைக் கட்டாயமாக்கின. ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, கேடு விளைவிக்கும் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று அவை சொல்லின. அதே ஆண்டு கர்நாடகம் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. சட்டம் இருக்கிறது. வாசலில்தான் அது நிறைவேற வேண்டும்.

ஈரக் குப்பையைப் பை இல்லாமல் வாளியிலேயே கொண்டுபோய் வண்டியில் கவிழ்க்கலாம். நகரக் குப்பையில் பாதிக்கு மேல் இதுதான். இது ஒழுங்காகப் போனாலே மேடு பாதியாகக் குறையும். மீத்தேனும் கறுப்புச் சாறும் குறையும்.

பால் கவரை ஒரு தடவை அலசிக் காயப்போட்டு, காய்ந்த குப்பையோடு சேர்க்கலாம். அழுக்குக் கவர் குப்பை. அலசிய கவர் காசு.

பேட்டரி, டியூப் லைட், பழைய மருந்து, பூச்சிக்கொல்லி டப்பா ஆகியவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் தனியே சேர்த்து வைத்துத் தனியாகவே கொடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் குழந்தையின் நாப்கினையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால், அவிழ்ப்பவர் கை தப்பும். படித்து முடித்த இந்தப் பத்திரிகைகூட அதற்கு உதவும்.

தெருமுனையில் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்த வேண்டும். கொளுத்தினால் குப்பை ஒழிந்தது என்பது கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டு என்பது போலத்தான்.

பிழைக்க வந்த ஊர், நாலு பேர் போல நாமும் இருந்துவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நாம் குடிப்பது இந்த ஊர்த் தண்ணீர். நம் குழந்தைகள் மூச்சு விடுவது இந்த ஊர்க் காற்று. இங்கே கெடும் ஆறு நம் ஊருக்கும் ஓடுகிறது. சோறு போடும் ஊரைச் சுத்தமாக வைப்பது பிறந்த ஊருக்கும் செய்யும் உதவிதான்.

நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபடி விசில் சத்தம் கேட்கும். ஒரு வாளிக்குப் பதில் இரண்டு வாளியோடு ஒருவர் வாசலுக்கு வந்தால், கணக்கில் வராத செலவில் அன்றைக்கு ஒரு பகுதி குறையும்.